அது வேற நுரை

நுரையார் எங்கள் குடியிருப்புக்கு முதலில் வந்தது மழைக்காலத்திலா, அதற்குப் பிறகா என்று கேட்டால் எனக்குச் சரியாகத் தெரியாது. குடை பிடித்து வந்ததாக ஒரு நினைவு. ஆனால் வெயிலுக்கும் அவர் குடைதான் பிடிப்பார். அதனால் என் நினைவை அப்படியே நம்பிவிடாதீர்கள். விசாரிக்காமல் நம்பியதால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

அவருடைய சொந்தப் பெயரை யாரும் கேட்கவில்லை. நுரையார் ஐயா என்றார்கள், அவ்வளவுதான். கீழ்த்தளக் கூடத்தில் அமர்வார். முன்னால் ஒரு பெட்டி நிறைய வெண்பொடி. வருகிறவர் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வைப்பார். பின்னால் நிற்கும் அவருடைய மச்சான் கூஜாவிலிருந்து பன்னீர் ஊற்றுவான். பொடி சும்மா கரைந்தால் நீங்கள் நல்லவர். நுரைத்துப் பொங்கினால் உங்கள்மேல் நிழல் விழுந்திருக்கிறது. நீங்கள் இருக்கும் வீடு விளங்காது. நிழல் விழுந்தவர் அது போவதற்குப் பொடி வாங்க வேண்டும். விழாதவர், விழாமல் இருப்பதற்கு வாங்க வேண்டும். வாங்காமல் தப்பித்தவர் நானறிய யாருமில்லை. வரிசை மாடிப்படி ஏறி எங்கள் வீட்டு வாசல்வரை வந்து நின்றது.

பொடி வேலை செய்தது. சங்கடமே அதுதான். டாக்சி டிரைவர் ஷூவைக் கழற்றினால் பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள். ஷூவுக்குள் பொடியைத் தூவினார்; ஜன்னல் திறந்தது. தையல்கார அக்கா அதில் பல் தேய்த்தார், அக்குளிலும் பூசிக்கொண்டார். பல் வெளுத்தது, வாடையும் போனது. என் அம்மா அடிப்பிடித்த பாத்திரத்தில் போட்டு ஊறவைத்தாள். கருப்பு பட்டைபட்டையாக உரிந்து வந்தது.

"பார்த்தியாடா, பாத்திரத்து மேல இருந்த நிழலே ஓடிப்போச்சு," என்றாள்.

கெட்ட வாடைக்கும் கெட்ட நிழலுக்கும் ஒரே மருந்து என்று குடியிருப்பே முடிவு கட்டிவிட்டது. இப்படி ஒரு மருந்தை வைத்துக்கொண்டு வைத்தியர்கள் ஏன் இத்தனை வருஷம் படிக்கிறார்கள் என்று யாரும் யோசிக்கவில்லை.

என் அண்ணி செய்த தவறு ஒன்றுதான். நுரையார் கண்ணை மூடி, "நிழல் வடக்கேருந்து வருது," என்றபோது, "வடக்கே நம்ம குப்பைத்தொட்டிதான் இருக்கு," என்று சொல்லிச் சிரித்துவிட்டாள்.

கூடத்தில் இன்னும் நாலு பேர் சிரித்தார்கள். நுரையார் கண்ணைத் திறந்தார். கோபமே இல்லை.

"வாம்மா, இப்படி வந்து கையை நீட்டு," என்றார்.

மச்சான் கையிலிருந்த கூஜாவைக் கீழே வைத்தான். வேறொன்றை எடுத்து ஊற்றினான். அண்ணியின் உள்ளங்கையில் நுரை சீறிக்கொண்டு பொங்கியது. சிரித்த நாலு பேரும் அவளைவிட்டு ஓரடி தள்ளி நின்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாதான் ஆரம்பித்தாள். "அடுத்த வாரமும் நுரைச்சா, இவ கொஞ்ச நாள் அவங்க அம்மா வீட்ல இருக்கட்டும். நிழல் போனதும் வரட்டும்."

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். இரும்புக் கயிற்றை இழை இழையாகச் சோதிக்காமல் எந்த லிஃப்டிலும் கால் வைக்கமாட்டான். அவன் எழுந்து போய்ப் பரண்மேலிருந்து பெட்டியை இறக்கினான்.

"எதுக்கு இப்போ பெட்டி?" என்றாள் அண்ணி.

"சும்மாதான். தூசி தட்டி வைக்கிறேன்."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். மறுபடியும் முகர்ந்தாள்.

மறுநாள் காலை சமையலறையிலிருந்து கூப்பிட்டாள். "அத்தை, இங்க கொஞ்சம் வாங்க."

சிங்க் அடைத்துக்கொண்டால் அவள் எப்போதும் செய்வதுதான். கடையில் வாங்கிய சமையல் சோடாவைக் குழியில் கொட்டி, மேலே வினிகரை ஊற்றினாள். குபுகுபுவென்று நுரைத்தது.

"சிங்க் மேலயும் நிழல் விழுந்திருச்சு அத்தை. இதையும் எங்கம்மா வீட்டுக்கு அனுப்பிடலாமா?"

அம்மா எட்டிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அது வேற நுரை," என்றாள்.

"எப்படி வேற?"

"அது சாக்கடைக்கு. இது மனுஷங்களுக்கு."

அம்மா போனதும் அண்ணி என்னிடம் சொன்னாள்: "வாயால சொன்னா இவங்களுக்கு ஏறாது தம்பி. அன்னிக்கு என் கையில ஊத்தினது நீலக் கூஜா. பன்னீர் வாசத்துக்கு அடியில புளிச்ச வாடை. அது எங்க இருக்குன்னு மட்டும் நீங்க பார்த்துக்கோங்க."

அடுத்த வாரம் கூடம் நிரம்பியிருந்தது. நீலக் கூஜா மச்சானின் காலுக்குப் பின்னால் இருந்தது. அவன் குனிவதற்குள் நான் எடுத்து அண்ணியிடம் கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த வீரச்செயல் அது ஒன்றுதான்.

"ஐயா, இன்னைக்கு முதல்ல நீங்க கையை நீட்டுங்க," என்றாள் அண்ணி.

"எனக்கு எதுக்கும்மா? என்மேல நிழல் ஏது?"

"அதான் ஐயா. உங்க கையில நுரைக்காதே. ஒரு தடவை காட்டுங்க, நானே பெட்டி கட்டிக்கிட்டுப் போயிடறேன்."

நுரையார் கையை மடியில் புதைத்துக்கொண்டார். அப்போதுதான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. அம்மா முன்னால் வந்தாள். பக்தியோடு அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து நீட்டினாள்.

"கொடுங்க ஐயா. உங்க கை சுத்தம்னு இவளுக்கும் தெரியட்டும்."

நம்பாதவர்கள் பிடித்திருந்தால் உதறியிருப்பார். நம்பியவளின் பிடி இரும்புப்பிடி. அண்ணி அவர் பெட்டியிலிருந்தே பொடியை எடுத்து அவர் கையில் வைத்து, நீலக் கூஜாவைச் சாய்த்தாள். நுரை விரலிடுக்கெல்லாம் வழிந்து அவர் மடியில் சொட்டியது.

கூடம் முழுக்க எட்டிப் பார்த்தது.

"ஐயோ, ஐயா மேலயே நிழல் ஏறிடுச்சே," என்றார் தையல்கார அக்கா. அதிசயத்தைக் காப்பாற்ற எப்போதும் ஒருவர் இருப்பார்.

அண்ணி முந்தானையில் முடிந்திருந்த சமையல் சோடாப் பொட்டலத்தைப் பிரித்தாள். தையல்கார அக்காவின் ஒரு கையில் அதை வைத்து மற்றக் கூஜாவின் பன்னீரை விட்டாள். சும்மா கரைந்தது. இன்னொரு கையில் வைத்து நீலக் கூஜாவை ஊற்றினாள். பொங்கியது.

"பாதி நல்லவங்க, பாதி கெட்டவங்களா அக்கா நீங்க?"

அம்மா நீலக் கூஜாவுக்குள் விரலைவிட்டு நாக்கில் வைத்தாள். முகம் சுளித்தது. அவள் அண்ணியைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள்.

"வினிகர்," என்றாள். விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "அதே நுரைதான்."

நுரையார் குடையைக்கூட எடுக்காமல் போனார். இப்போது வேறெங்கோ வேறொரு பொடியோடு உட்கார்ந்திருப்பதாகக் கேள்வி. மச்சான் ஒரு கடையில் சுத்தம் செய்யும் சாமான் விற்கிறான். சோடாவைச் சோடா என்றே சொல்கிறான். டாக்சி டிரைவர் ஷூவில் இன்னும் சோடாதான். தையல்கார அக்காவுக்குப் பல் கூசுகிறது. பல் டாக்டரிடம் போகிறார். அண்ணி அந்தப் பெட்டியிலேயே துணியை அடுக்கிக்கொண்டு, தானாகவே, அம்மா வீட்டுக்குப் போனாள். அண்ணன் பலமுறை நடந்து கெஞ்சிய பிறகு வந்தாள், எதிர்த்தெருவில் தனிக்குடித்தனத்துக்கு. அம்மா அங்கே போனால் சிங்க் பக்கம் பார்ப்பதில்லை.

சமையல் சோடா அழுக்கை எடுக்கும், கறையை எடுக்கும், கால் நாற்றத்தையும் எடுக்கும். நமக்குப் பதிலாக யோசிக்க மட்டும் அதற்குத் தெரியாது.