மெத்தைக்காரன் முடிசூடிய நாள்

இந்த வருடம் தூக்கத் திருவிழாவில் நான் ராஜாவாகியே தீருவது என்று முடிவு செய்தேன். கல்யாணத்துக்குப் பிறகு மனைவியைக் கேட்காமல் நான் எடுத்த முதல் முடிவு.

எங்கள் கடற்கரையில் வருடத்துக்கு ஒரு நாள் படகுகளை மணலில் ஏற்றிவிடுவார்கள். படகுக்கு ஒருவராகப் படுக்க வேண்டும். சுற்றி ஊரே கத்தும். சொந்தக்காரர்கள் காதருகே வந்து என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், தொடக் கூடாது. கடைசிவரை விழிக்காமல் தூங்கியவனுக்குக் கிளிஞ்சல் கிரீடம்; தூக்கத்தில் அசைந்தால் குற்றமில்லை. அன்றைக்கு அவன் தன் வீட்டில் ஒன்று கேட்டால் மறுக்கக் கூடாது.

நான் கேட்கப் போவது மாடி அறை. ஜன்னலைத் திறந்தால் கடல் கட்டிலுக்கே வந்துவிடும். நான் மெத்தை தைக்கிறவன். ஊரையே தூங்க வைக்கிறேன். எனக்குத்தான் தூங்க இடமில்லை. மனைவியோ அந்த அறையைத் தன் தம்பிக்கு என்று வைத்திருந்தாள். அவன் பேண்டு குழுவில் டிரம்பெட் ஊதுகிறவன். அவன் மூச்சை இழுத்தால் ஜன்னல் திரை உள்ளே வரும்; விட்டால் பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வருவார்.

"என்னங்க, திடீர்னு போட்டிக்கெல்லாம்?" என்றாள் மனைவி.

"கடைக்கு விளம்பரம்மா. மெத்தைக்காரனே தூங்கலேன்னா எவன் மெத்தை வாங்குவான்?"

"ஜெயிச்சா என்ன கேப்பீங்க?"

"நான் என்னத்தைக் கேக்கப் போறேன்..." என்று கூரையைப் பார்த்தேன்.

கூரைக்கு மேலேதான் மாடி அறை. அவளும் பார்த்தாள்.

படகில் படுத்தேன். தூக்கம் வரவில்லை. வராவிட்டால் என்ன, கண்ணை மூடிக்கொண்டால் போதாதா? நடுவர் எங்கள் தெரு முடிதிருத்துகிறவர். வருடம் முழுக்க முடி எடுப்பவர், இன்றைக்கு மட்டும் முடி சூட்டுவார். கைக்கண்ணாடியும் கையுமாகப் படகு படகாகக் குனிந்து, இமை துடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனார்.

இமைக்குள் வெயில் ஆரஞ்சு நிறத்தில் ஊறியது. உப்பும் ஈர மரமும் மணத்தன. அலைச் சத்தம், எங்கோ யாரோ பஞ்சு அடிப்பதுபோல் கேட்டது. அடித்த பஞ்செல்லாம் மேகமாகி மேலே போயிற்று. நான் வானத்தை உறையாக வெட்டி, மேகத்தை உள்ளே திணித்து, அடிவானத்தில் தையல் போட்டேன். படகு மெல்ல மணலை விட்டு எழும்பியது. ஒரு நாரை என் தலைமாட்டில் வந்து உட்கார்ந்து, "என்னங்க" என்றது.

நாரை இல்லை. மனைவி.

"தூங்குறவங்களை எழுப்பலாம், தூங்குற மாதிரி நடிக்கிறவங்களை எழுப்ப முடியாதும்பாங்க," என்றாள், தாலாட்டுப் பாடுகிற குரலில். "உங்களை எழுப்ப வரலைங்க. ஒண்ணு கேக்கணும். மாடி ரூமைத் தம்பிக்குக் குடுத்துடட்டுமா? வேண்டாம்னா சொல்லிடுங்க."

மேகம், பஞ்சு, படகு எல்லாம் பொத்தென்று கீழே விழுந்தன. ஆனால் கைக்கண்ணாடி என் மூக்குக்கு நேரே இருந்தது.

"சொல்லலையே? நடுவரய்யா, நீங்களே சாட்சி. மௌனம் சம்மதம்."

பல்லைக்கூடக் கடிக்க முடியவில்லை.

மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கோபம் என்னைக் கட்டையாக்கியிருந்தது. கட்டைக்கு ஏது தோல்வி? போட்டி முடிந்ததற்கு அடையாளமாக மச்சினன் டிரம்பெட் ஊதினான். ஊரே கைதட்ட, என் தலையில் கிரீடம் ஏறியது.

"ராஜாவுக்கு என்ன வேணும்?" என்றார் முடிதிருத்துகிறவர்.

"மாடி அறை!"

"ஐயோ, அதைத்தான் தம்பிக்குக் குடுத்துட்டீங்களே," என்றாள் மனைவி. "படகுல கேட்டேனே."

இதற்கு நான் தயாராக இருந்தேன். "தூங்குறவன்கிட்ட கேட்டா செல்லுமா? என் காதுல எதுவுமே விழலை."

"காதுல விழாமலா அவ்வளவு பெருசாத் தலையை ஆட்டினீங்க?"

"நானா? பொய்! நீ கேட்டப்போ ஒரு மயிர்க்கால்கூட அசையாம கட்டை மாதிரிக் கிடந்தேன்!"

கைதட்டல் நின்றது. கடல்கூட ஒரு அலையை நிறுத்திவைத்ததுபோல் இருந்தது. முடிதிருத்துகிறவர் என் முகத்துக்கு அருகே வந்தார்.

"தூங்கினவருக்கு அது எப்படித் தெரியும், மெத்தைக்காரரே?"

அவர் கை கிரீடத்தை நோக்கி நீண்டது. கூட்டத்தில் பாதிப் பேர் என்னிடம் மெத்தை வாங்கியவர்கள். மீதிப் பேர் வாங்க வேண்டியவர்கள்.

மனைவி நடுவில் வந்து நின்றாள். கடற்காற்றில் அவள் முந்தானை பறந்தது. முகத்தில் அப்படியொரு கனிவு.

"அவரைக் குழப்பாதீங்க, பாவம். நல்ல தூக்கத்துல தன்னை அறியாமத்தான் ஆட்டினாரு. அதான் ஞாபகம் இல்லை." என் பக்கம் திரும்பினாள். "தம்பிக்குச் சரின்னுதானே தலையை ஆட்டினீங்க? இல்லீங்களா?"

கிரீடம் விழாமல் தலையை ஆட்டினேன்.