தடைக்காலத்தில் ஒரு கருத்துக்கேட்பு

ஏப்ரல் 23, செவ்வாய்க்கிழமை. 4.50-க்கு எழுந்தேன். காபி 5.10. தாம்பரம் ஸ்டேஷன் வரை நடை, 31 நிமிடம். (ஒரு நிமிடம் அதிகம். காரணம், ஒரு நாய்.)

எங்கள் துறையின் மீன்வளக் கொள்கை வரைவு குறித்துச் சிறு மீனவர்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் அன்று. ஏற்பாடு முழுக்க நான்தான். தாம்பரத்தில் ஏசி மண்டபம், அறுபது நாற்காலி, பெயர் அட்டை, பாதாம் பால். தேதியில் எனக்குத் தனிப் பெருமை: மீன்பிடித் தடைக்காலம், எல்லோரும் சும்மாதானே இருப்பார்கள்? மீனவர்கள் பேசாவிட்டால் வரைவு மறுநாள் மாலை அப்படியே மேலே போய்விடும். கரையில் படகு நிறுத்தும் இடம் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

பத்தரை மணிக்கு மண்டபத்தில் நானும் பாதாம் பாலும் மட்டும். கோவளத்தில் மீன் விற்கும், பெண்கள் சங்கச் செயலாளர் தேவகி அக்காவுக்குப் போன் செய்தேன்.

"இன்னா சார் நீ. தடை பெரிய போட்டுக்குத்தான். எங்க ஃபைபர் போட்டுக்கு ஏது? பெரிய போட்டு நிக்கசொல்லதான் எங்களுக்கு நாலு மீனு. ஆம்பளைங்க கடல்ல கீறாங்க, நாங்க ஏலத்துல கீறோம்."

"ஒரு பத்து பேராவது, அக்கா..."

"மீனை வுட்டுட்டு பாதாம் பால் குடிக்க வரணுமா?"

(பாதாம் பால் உண்டு என்று அழைப்பிதழிலேயே அச்சடித்திருந்தேன். சிறு படகுகளுக்குத் தடை இல்லை என்பது வரைவின் நாலாம் பக்கத்தில் இருக்கிறது. தட்டச்சு செய்தது நான்.)

பதினொன்றுக்கு இயக்குநர் மேடம் வருவார். பக்கத்து ஹாலில் சர்க்கரைப் பரிசோதனை முகாம். அங்கே வியர்த்துக்கொண்டிருந்த பதினேழு பேரை ஏசி ஆசை காட்டி அழைத்து வந்து, பெயர் அட்டை மாட்டி உட்காரவைத்தேன்.

மேடம் முன்வரிசைப் பெரியவரிடம் கேட்டார்: "ஐயா, கடல்ல உங்களுக்கு என்ன பிரச்சினை?"

"கடலா? கால்தான் மேடம் மரத்துப்போகுது. சாப்பிடாம வந்திருக்கேன், சீக்கிரம் ரத்தம் எடுக்கச் சொல்லுங்க."

மேடம் என் பக்கம் திரும்பினார். "இவங்க எந்தக் குப்பம்?"

"இரும்புலியூர், மேடம்."

"அங்க கடல் எப்ப வந்துச்சு, சார்?"

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள மீனவங்க சொன்னது என் மேசைக்கு வரணும். இல்லேன்னா நீங்க வேலைக்கு வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டு மேடம் போனார்.

படகு நிறுத்தும் இடம் பிறகு வரைவில் ஏறியது. என் வேலையும் தப்பியது. மானம் மட்டும் தப்பவில்லை. இன்றும் வீட்டில் எந்த விசேஷத்துக்கு நான் தேதி குறித்தாலும், "வர்றவங்க கடலுக்குப் போயிருக்காங்களான்னு கேட்டீங்களா?" என்கிறாள் மனைவி.

அந்தக் கூட்டத்துக்கு மறுநாள் காலை பல் துலக்கியதும் முதல் வேலையாகத் தேவகி அக்காவுக்குப் போன் செய்து, அவர்களுக்கு எந்த நேரம் தோதுப்படும் என்று கேட்டேன்.

"பன்னெண்டு மணிக்கு வா சார், ஏலம் முடிஞ்சிரும். மணல்லதான் குந்தணும்."