கப்பல் அண்ணையின் புளிச்ச வைன்

கரம்பொனில் மட்டுமல்ல, ஊர்காவற்றுறைத் தீவு முழுவதிலும் முதல்தரக் குடிகாரர் என்று பெயர் எடுத்தவர் கப்பல் அண்ணை. நான் பழகிய குடிகாரர்களில் அவரைவிடக் குறைவாகக் குடித்தவர் ஒருவரும் இல்லை. ஒரு நாளைக்கு அரைக் கிளாஸ் சிவப்பு வைன், அதுவும் மத்தியானச் சோற்றோடு. அந்த அரைக் கிளாஸில் அவர் தேடிக்கொண்ட கெட்ட பெயரை, முட்டி முட்டியாகக் கள்ளுக் குடித்தவர்களால்கூடத் தேட முடியவில்லை.

சமாதானம் வந்துவிட்டது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த இரண்டாயிரத்திரண்டில் எனக்கு ஊர்காவற்றுறைக் கந்தோருக்கு மாற்றம் கிடைத்தது. யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் போய்வந்தேன். ஏறி, இறங்கி, சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டி, நடந்து, மறுபடி ஏறி, கந்தோருக்குப் போய்ச் சேரும்போதே வீட்டுக்குப் போகும் களைப்பு வந்துவிடும். இரண்டு கிழமையில் அலுத்துப்போய், கரம்பொனில் சாப்பாட்டோடு அறை கிடைக்குமா என்று விசாரித்தேன். கப்பல் அண்ணை வீட்டைக் காட்டியவர், "அறை நல்லம். ஆனால் ஆள் குடி" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

அண்ணை பல வருஷம் வெளிநாட்டுக் கப்பலொன்றின் குசினியில் வேலை பார்த்தவர். வெங்காயம் உரிக்கும்போதும் ஏதாவதொரு துறைமுகத்தின் கதை வரும். அங்கே மீன்பிடிகாரர் மத்தியானம் மனைவி பிள்ளைகளோடு மேசையில் இருந்து, மலிவான சிவப்பு வைனைச் சாடியிலிருந்து ஊற்றி, பொரித்த மீனோடு குடிப்பார்களாம். நம்முடைய ஆட்களுக்கு இது விளங்காத சங்கதி. இங்கே குடி என்றால் வீட்டுக்கு வெளியே, வேலிக்கு அந்தப் பக்கம், சாப்பாட்டுக்கு முதல். அதற்குப் பிறகு சோறு இறங்கினால் என்ன, இறங்காவிட்டால் என்ன. யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, மனைவிக்கு முன்னால், சோற்றோடு குடிக்கிற மனிதரை ஊர் எந்தக் கணக்கில் சேர்ப்பது?

ஏன் இந்தக் கூத்து என்று முதல் கிழமையே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர்களுடைய ஒரே மகன் தொண்ணூற்றாறில் ஒரு காலைநேரம் சைக்கிளில் வெளிக்கிட்டவன், திரும்பி வரவில்லை. அவர்கள் ஏறி இறங்காத இடம் இல்லை. அன்றிலிருந்து அண்ணையின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், மேசையில் இருந்து சாப்பிட்டதே இல்லை. மற்றவர்களுக்குப் பரிமாறிவிட்டுக் குசினி வாசலில் நிற்பார். பிறகு சட்டியில் மிஞ்சியதில் இரண்டு வாய், அதுவும் நின்றபடி. நான் போனபோது அவருடைய காப்பு முழங்கை வரைக்கும் ஏறும். ஆஸ்பத்திரியில் டொக்டர், "மருந்து தந்து பிரியோசனம் இல்லை, எப்படியாவது சாப்பிட வையுங்கோ" என்று சொல்லிவிட்டார்.

அண்ணை கெஞ்சிப் பார்த்தார், ஏசிப் பார்த்தார், அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தார். கடைசியில், அதுவரை தான் மட்டும் குடித்துவந்த வைனைப் பிடித்தார்.

நான் வந்தபிறகு முதல் போத்தல் திறந்த அன்று கணவாய்க் கறி. அண்ணை மூன்று கிளாஸ்களில் ஊற்றிவிட்டு அக்காவைக் கூப்பிட்டார்.

"கறிக்கு வைன் சரியோ பிழையோ எண்டு சமைச்ச ஆள்தான் சொல்லவேணும். நான் சொன்னால் அது ஒருபக்கத் தீர்ப்பு."

அக்கா நின்றபடி ஒரு மிடறு குடித்தார். முகம் கோணியது. "சீ, புளிச்ச தண்ணி."

"வைனை மட்டும் குடிச்சால் அப்பிடித்தான். கறியோட குடிச்சுப்போட்டுச் சொல்லும். நிண்டுகொண்டு சொல்ல ஏலாது, இரும்."

வாயிலிருந்த புளிப்பைப் போக்கவேண்டுமே. அக்கா கதிரையின் நுனியில் இருந்து ஒரு பிடி சோறும் கணவாயும் சாப்பிட்டார். இன்னொரு மிடறு, இன்னொரு பிடி. ஐந்தாறு பிடி ஆனபிறகு, "சரிவராது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு எழும்பிப் போனார். சரிவராவிட்டால் நாளைக்கு இறாலோடு பார்ப்போம் என்றார் அண்ணை. நாளைக்கும் சரிவரவில்லை. மூன்றாம் நாள் நண்டோடும் சரிவரவில்லை. கத்தரிக்காய்ப் பால்கறி, சுறா வறை, முருங்கைக்காய் என்று விசாரணை மாதக்கணக்கில் இழுபட்டது. வைனும் அண்ணையும் ஒரு வழக்கிலும் வெல்லவில்லை. அக்காவின் காப்பு மட்டும் மெல்ல மெல்ல மணிக்கட்டுக்கு இறங்கி வந்தது.

ஒருநாள் அண்ணை, கறித்தூளை அரைக் கரண்டி குறைத்தால் வைனுக்கு நல்லது என்று வாய்விட்டுவிட்டார்.

"என்ர தூளில கை வைச்சியளெண்டால் போத்திலை உடைச்சு வேலிக்க எறிவன்" என்றார் அக்கா.

அன்று பின்னேரம் முழுக்க அண்ணைக்குத் தலைகால் புரியவில்லை. "ஆறு வருஷத்துக்குப் பிறகு மனிசி என்னை ஏசியிருக்கிறா தம்பி" என்று மூன்று தரம் என்னிடம் வந்து சொன்னார்.

மீனுக்கு வெள்ளை வைன்தானே குடிப்பார்கள் என்று நான் எங்கேயோ படித்ததைச் சொல்லிவைத்தேன். "அது ஐஸ்பெட்டி வைச்சிருக்கிறவங்கட சட்டம்" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். எங்கள் வீட்டுக்கு அப்போது கரண்ட் வரவில்லை. வெக்கை கூடிய நாட்களில் போத்தலை வாளியில் வைத்துக் கிணற்றுக்குள் இறக்கிவிடுவார். அது மூன்று வீட்டுக்குப் பங்குக் கிணறு. பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர் அள்ளவந்து கயிற்றை இழுக்க, வாளிக்குள் போத்தல் ஏறி வந்தது. "கிணத்துக்குள்ளயும் பதுக்கி வைச்சுக் குடிக்கிறார்" என்ற செய்தி பொழுதுபடுமுன் அனலைதீவுவரை போயிருக்கும்.

ஒருமுறை யாழ்ப்பாணத்தில் வைன் வாங்கிக்கொண்டு வரும்போது, பண்ணைச் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் போத்தலைத் தூக்கி, "இது என்ன?" என்று கேட்டான். "மீன்கறிக்கு" என்றார் அண்ணை. அவன் திறந்து மணந்து பார்த்தான். மூக்கைச் சுளித்துவிட்டு, "மீன் பழுதா?" என்று உண்மையான கவலையோடு கேட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

கடைசியில் கதை கோயிலுக்கு, பாதரின் காதுக்குப் போனது. இந்தத் தீவில் சிவப்பு வைன் என்று சனம் கண்டது பீடத்தில் மட்டும்தான். ஆகவே கப்பல் அண்ணை பூசை வைனை எடுத்து நண்டுக் கறியோடு குடிக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பாதர் முதலில் தன் அலுமாரியைத் திறந்து பார்த்துக்கொண்டு, பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நேரே வந்துவிட்டார். அண்ணை அவருக்கும் அரைக் கிளாஸ் ஊற்றினார். பாதர் ஒரு மிடறு குடித்துவிட்டுக் கொஞ்சநேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"இது தவக்காலத்துக்குத்தான் சரி" என்றார். பிறகு வாயைத் தேற்ற இரண்டு நண்டு சாப்பிட்டார்.

இதற்குள் நான் ஒரு மடைத்தனம் செய்தேன். லீவில் கொழும்புக்குப் போனபோது, பாவம் இந்த மனிதர் மலிவு வைனோடு மாரடிக்கிறாரே என்று, நல்ல போத்தலாகப் பார்த்து ஒன்று வாங்கி வந்தேன். அன்று கோழிக்கறி. அக்கா ஒரு மிடறு குடித்தார். முகம் கோணவில்லை. "இதென்ன, நல்லா இருக்கே" என்றார். அரைக் கிளாஸ் முடிந்தது, இன்னொரு அரைக் கிளாஸும் முடிந்தது. புளிப்பைப் போக்கச் சோறு தேவைப்படவில்லை. கோழிக்கறி அப்படியே கிடக்க, அக்கா கதிரையில் சாய்ந்து நித்திரையாகிவிட்டார்.

அண்ணை என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். "உமக்கு ஆர் தம்பி சொன்னது, நல்லதா வாங்கச் சொல்லி?" மிச்சத்தைப் பாதரிடம் கொடுத்துவிட்டு வந்தார். அதன்பிறகு கடையில் இருப்பதிலேயே மோசமானது எது என்று கேட்டுத்தான் வாங்கினோம்.

இரண்டாயிரத்தாறு ஆவணியில் சண்டை திரும்பத் தொடங்கி, யாழ்ப்பாணத்துக்கு வரும் பாதையைப் பூட்டினார்கள். அரிசிக்குக் கியூ, சீனிக்குக் கியூ, சவர்க்காரத்துக்கும் கியூ. கடலுக்குப் போகவும் தடை. இந்த நேரத்தில் வைன் என்று வாயெடுத்தால் கடைக்காரருக்குச் சிரிக்கக்கூடச் சக்தி இல்லை. கடைசிப் போத்தலில் அரைக் கிளாஸ் இரண்டு விரல் அளவாகி, பிறகு ஒரு மூடி அளவானது. பாதியிலேயே அது வினாகிரியாகவும் மாறிவிட்டது. அந்தக் கிழமை அக்கா முன்னெப்போதையும்விடக் கூடச் சாப்பிட்டார்.

பிறகு அதுவும் முடிந்தது. மத்தியானம் நான் சாப்பிட வந்தபோது அண்ணை வீட்டுக்குப் பின்னால் பனங்குற்றியில் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"இண்டைக்கு அவவைக் கதிரையில இருத்த என்னட்ட ஒண்டும் இல்லை தம்பி. நாலு வருஷம். திரும்பவும் அந்த வாசலில போய் நிண்டாவெண்டால் என்னால பார்க்க ஏலாது."

நானும் பனங்குற்றியில் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"ரெண்டுபேரும் வாங்கோ, சோறு ஆறுது" என்று உள்ளேயிருந்து அக்கா கூப்பிட்டார்.

போனோம். மேசையில் பருப்பு, முருங்கையிலை வறை, ஒரு துண்டுக் கருவாடு. சாப்பாட்டுக் கோப்பைகள் மூன்று இருந்தன. அக்கா கதிரையை இழுத்து இருந்துகொண்டு, தன் கோப்பையில் சோறு போட்டுக்கொண்டிருந்தார்.

"வைன் முடிஞ்சுது" என்றார் அண்ணை, பாவசங்கீர்த்தனம் செய்கிற குரலில்.

"தெரியும். அந்தப் புளிச்ச தண்ணியை ஒரு மனிசர் ஆசைப்பட்டுக் குடிப்பினமே? நான் எழும்பினால் நீங்களும் கையைக் கழுவிப்போட்டு எழும்பிடுவியள். அதுக்குத்தான் இவ்வளவு நாளும் இந்தக் கதிரையில இருந்தனான். இருந்து சாப்பிடுங்கோ."

நான்கு வருஷம் அதே மேசையில் சாப்பிட்டவன் நான். அக்கா எத்தனை பிடி சாப்பிட்டார் என்று பார்த்திருக்கிறேன், வைன் எவ்வளவு குறைந்தது என்று பார்த்திருக்கிறேன். அண்ணை சாப்பிட்டாரா என்று ஒருநாளும் பார்க்கவில்லை.

அண்ணை கதிரையில் இருந்தார். குனிந்தபடி கொஞ்சநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, "கருவாட்டுக்கு உப்புக் கூட" என்றார்.

"பேசாமல் சாப்பிடுங்கோ" என்றார் அக்கா.

அடுத்த வருஷம் எனக்கு மாற்றம் வந்துவிட்டது. பிறகு எத்தனையோ மேசைகளில் சாப்பிட்டாயிற்று. களைத்து விழுந்து வீடு திரும்பும் நாட்களில், அந்த இரண்டு பேருக்கும் நடுவில் எனக்கொரு கதிரை கிடைத்தால் போதும் என்றுதான் இன்னும் இருக்கிறது.