உன் சோறு என் சோறு

"இந்தப் பூதத்துக்கு மூக்குத்தி வேற இருக்கு, பாருங்களேன்!" என்று மனைவி போனை நீட்டினாள்.

நோன்பு திறக்க வாயில் ஊற்றிய தண்ணீர் மாப்பிள்ளைக்கு மூக்கு வழியாக வந்தது.

போனில் ஒரு சோற்றுச்சட்டி கோழிக்காலில் ஓடி வந்தது. மூடிதான் அதற்குத் தலை. கைக்குக் கை அகப்பை. வட்டக் கண்ணாடி, இடப்பக்கம் மூக்குத்தி. போர்வைக்குள் மூட்டைபோலக் கிடந்த ஓர் உருவத்தின் தலைமாட்டில் நின்று, மூடியை டணார் டணாரென்று தட்டி, "எந்திரி! எந்திரி! இல்லன்னா உன் சோறு என் சோறு!" என்று எருமைக் குரலில் கத்தியது.

"யாரோ வேலையத்தவன் பண்ணியிருக்கான்" என்றான் மாப்பிள்ளை.

அந்த வேலையத்தவன் அவன்தான்.

நோன்பு மாதத்தில் கல்யாணம் கிடையாது. கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிற கடையில் அவனுக்கு ஈ ஓட்டுகிற வேலைதான். விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுப்ப, மாமியார் தினமும் தலைமாட்டில் வந்து சட்டிமூடியைத் தட்டுவார். "என்னை மட்டும்தான் உங்கம்மா இப்படி எழுப்புறாங்க" என்றால் மனைவி நம்பவில்லை. சாட்சி வேண்டுமே என்று போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டுப் படுத்தான். மறுநாள் கடையில் பொழுது போகாமல் அந்தச் சத்தத்துக்கு, மாமியாரின் கண்ணாடியும் மூக்குத்தியுமாக ஒரு சட்டியை வரைந்தான். வசனத்தைத் தானே பேசிக் குரலை மாற்றினான். பேரில்லாத கணக்கு ஒன்றில் போட்டும்விட்டான். பதிவில் பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார் வேறு, 'ர்ர்ரூம்' என்று இழுத்து 'ஃபீ' என்று முடிந்துகொண்டிருந்தது. தாளம் நன்றாக விழுகிறதே என்று அதையும் விட்டுவைத்தான்.

நாலு பேர் பார்த்துச் சிரிப்பார்கள் என்று நினைத்தான். ஊரே சிரித்தது.

மனைவி இன்னொரு முறை ஓடவிட்டாள். காதருகே வைத்துக் கேட்டாள். அவள் முகம் மாறியது. சட்டென்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "ஒண்ணுமில்லை, நீங்க சாப்பிடுங்க" என்றாள்.

மாப்பிள்ளைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டோடு மாப்பிள்ளை அவன். பெருநாள் கழிந்ததும் சொந்தக் கடை வைக்க மாடி அறையைத் தருவதாக மாமனார் வாக்குக் கொடுத்திருந்தார். அவருடைய மனைவியைச் சட்டிப்பூதமாக்கி ஊர் ஊராக ஓடவிட்டவனுக்கு மாடி கிடைக்குமா? மாடிப்படிகூடக் கிடைக்காது.

கடைக்கு ஓடினான். பழையதை அழித்தால் என்ன, ஊரெல்லாம் நகல் இருக்கிறதே! புதிதாக ஒன்று விட்டு மக்களைத் திருப்பவேண்டியதுதான். மூக்குத்தியைக் கழற்றினான். கண்ணாடியை எடுத்தான். யார் சாயலும் வரக்கூடாது என்று ஒரு வெள்ளைத் தாடியை ஒட்டிவிட்டான்.

மறுநாள் அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது மாமனார் தாடியைத் தடவியபடி போனைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அதே தாடி. நுனியில் அதே வளைவு.

"என்ன மாமா கேக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல, செய்தி." போன் மெத்தைக்கடியில் போனது. "மாப்ளே, இந்த மாதிரி வீடியோ பண்றவன் மட்டும் என் கையில கிடைச்சான்னு வைங்க..."

"என்ன பண்ணுவீங்க மாமா?"

"சட்டியிலேயே போட்டு வேகவைப்பேன்!"

மாப்பிள்ளை வந்த வழியே கடைக்குத் திரும்பினான். தாடியை மழித்தான். அரும்பு மீசை வைத்து, கழுத்தில் டை கட்டிவிட்டான். இந்தக் குடும்பத்தில் யாருக்கும் டை கிடையாது.

கடை முதலாளிக்கு இருந்தது.

"டேய் ஆல்பம், இங்க வா" என்று மறுநாள் முதலாளி கூப்பிட்டார். ஆல்பம் என்பது கூட வேலை பார்ப்பவனின் பட்டப்பெயர். "இந்தப் பூதம் யாரு மாதிரி இருக்கு?"

"சத்தியமா உங்களை மாதிரி இல்லை முதலாளி!"

"என்னை மாதிரியான்னு நான் கேக்கவே இல்லையேடா!"

ஆல்பத்துக்கு அன்று முழுக்க ஒட்டடை அடிக்கிற வேலை. மாப்பிள்ளை மனம் நொந்து, முகத்தையே அழித்துவிட்டான். வெறும் சட்டி. மக்கள் கண்ணைப் படத்திலிருந்து திருப்பவேண்டும் என்று மோட்டார் சத்தத்தை இரண்டு மடங்காகக் கூட்டினான்.

அதுதான் கொள்ளிக்கட்டையை எடுத்துத் தலையைச் சொறிந்த கதையாகப் போயிற்று. 'ர்ர்ரூம்... ஃபீ' என்று பஸ்ஸில் கேட்டது, மருந்துக்கடையில் கேட்டது, முடிவெட்டும் கடையில் கேட்டது. ஆல்பத்தின் போன் மணியும் அதுவாகிவிட்டது.

"வசனத்தை விட்டுட்டு மோட்டார் சத்தத்தைப் போய் வச்சிருக்கியேப்பா?"

"மோட்டாரா?" ஆல்பம் அவனை ஒரு நிமிஷம் பார்த்தான். மத்தியான வேளையில் மாப்பிள்ளை தலைசாய்க்கிற பெஞ்சைப் பார்த்தான். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு கழிவறைக்குள் ஓடிக் குழாயைத் திறந்துவிட்டான்.

வீட்டிலோ நிலைமை இன்னும் மோசம். மாமியார் மூடி தட்டுவதை நிறுத்திவிட்டார். விரல்நுனியால் தோளைத் தொட்டு, "தம்பி, மெல்ல எந்திரிங்க தம்பி" என்றார். தட்டில் கேட்காமலே இன்னொரு கரண்டி விழுந்தது. பலியாட்டுக்கும் இப்படித்தான் தழை போடுவார்கள் என்று மாப்பிள்ளைக்குத் தோன்றியது. மனைவியோ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துத் தோள் குலுங்கினாள்.

"அழுறியா?"

"இல்லைங்க" என்றாள். போர்வை நுனியை வாயில் திணித்துக்கொண்டாள்.

ஒருநாள் கதவுக்குப் பின்னாலிருந்து மாமியார் அழுவதும் கேட்டது. "இனிமே வெளிய எப்படித் தலைகாட்ட முடியும்? ஊரே சிரிக்குதே!"

போதும், சொல்லிவிடலாம் என்று அன்று முடிவு செய்தான். மாடி போகட்டும். மூட்டை கட்டச் சொன்னால் கட்டிவிடவேண்டியதுதான். அன்றிரவு அவன் பொட்டுத் தூக்கம் தூங்கவில்லை. விட்டத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தான்.

சஹர் நேரத்தில் வீட்டில் ஓர் அதிசயம் நடந்தது. மாமனாரின் அக்கா, பெரிய மாமி, எழுந்திருக்கவில்லை. பெரிய மாமிக்குக் காது அறவே கேட்காது. உதட்டசைவைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிப்பார். ஆனால் மாப்பிள்ளையின் அறைக்கு அடுத்த அறையில், அந்த நடுச்சுவரை ஒட்டிப் படுத்து, யாரும் எழுப்பாமல் தினமும் முதல் ஆளாக எழுந்து உட்கார்ந்திருப்பார். எப்படி என்று கேட்டால் சிரிப்பார். இன்றைக்கென்று உலுக்கித்தான் எழுப்பவேண்டியிருந்தது.

எல்லோரும் உட்கார்ந்ததும் மாப்பிள்ளை எழுந்து நின்றான்.

"மாமி... அந்தச் சட்டிப்பூதம்..."

மாமியார் கையிலிருந்த கரண்டி குழம்பில் விழுந்தது. "ஐயோ, இவருக்கு யாரு சொன்னது?"

மாமனார் மகளை முறைத்தார். "நீதானே?"

"நான் சொல்லல அத்தா! இத்தனை நாள் மூச்சு விடலையே!"

"யாரும் சொல்ல வேண்டாம் மாமா. எனக்கே தெரியும். மாமி மனசு எவ்வளவு பாடுபட்டிருக்கும்! முதல் வீடியோவுல அந்த மூக்குத்தியும் கண்ணாடியும்..."

"எந்த மூக்குத்தி?" மாமியார் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். "அதுக்கு முகமெல்லாம் இருந்துச்சா?"

"தாடிகூட இருந்துச்சே மாமா, உங்களை மாதிரியே..."

"தாடியா? நான் எங்க பார்த்தேன்? காதுல வச்சுத்தானே கேட்டேன்!"

மாப்பிள்ளை திருதிருவென்று விழித்தான். தூக்கம் கலையாத கண்ணோடு எல்லோர் உதட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த பெரிய மாமி, தெருவுக்கே கேட்கும்படி ஒரு சத்தம் போட்டார்:

"இன்னும் எத்தனை நாளைக்குத்தான் இந்தப் பிள்ளைகிட்ட மறைப்பீங்க? பூதத்தை யாரு பார்த்தா, போர்வைக்குள்ள கிடக்கிறவன் குறட்டைக்குத்தான் ஊரே சிரிக்குது. அது நம்ம மாப்பிள்ளை குறட்டைதான்னு, தினமும் அதுல சுவர் அதிர்ந்து சஹருக்கு எந்திரிக்கிற இந்தச் செவிடிக்கே தெரியுதே!"