கேட்டுட்டு வா சாரும் பிரிக்காத கடிதமும்

சிங்கப்பூரில் விடை கிடைக்காத கேள்வி என்று ஒன்று கிடையாது. எந்தப் பரீட்சைக்கும் மாதிரி விடை அச்சாகி, பளபளவென்று அட்டை போட்டு, கடை வாசலில் தொங்கும். அப்பேர்ப்பட்ட ஊரில் ஒரு விடைகூடச் சொல்லாமல் பதினோரு வருஷம் டியூஷன் எடுத்த ஒரே மனிதர் எங்கள் 'கேட்டுட்டு வா சார்'தான். அவர் மாதிரி இன்னொருத்தர் இந்தத் தீவில் இருந்தால் நான் டாக்ஸி ஓட்டுவதையே விட்டுவிடுகிறேன்.

சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ஏதோ ஒரு பள்ளியில் முப்பது வருஷம் இங்கிலீஷ் இலக்கியம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஆறடி உயரம். அவர் நடந்து வருவதைப் பார்த்தால், கால் நடக்கிறதா காற்று தள்ளுகிறதா என்று சந்தேகம் வரும். வீடு ஜாலான் புசாரில். வகுப்பு, புதன்கிழமை காலை ஒன்பதரைக்குத் தேக்கா சந்தையில், தேநீர்க் கடைக்கு எதிர் மேசையில். மேசைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட் வைத்து இடம் பிடித்திருப்பார். அந்த பாக்கெட்டுக்கு இருந்த மரியாதை அமைச்சருக்குக்கூட அங்கே கிடையாது.

மாணவர்கள் நாலு பேர். நாலு பேருக்கும் முப்பது வயதுக்கு மேல். சின்ன வயதில் படிப்பை விட்டுவிட்டு, வேலைக்குப் போய், பிறகு ஏதோ ஒரு காரணத்துக்காக பள்ளி இறுதிப் பரீட்சையான ஓ லெவலை வெளியிலிருந்து எழுதுகிறவர்கள். நான் ஐந்தாவது. எனக்குப் பரீட்சை கிடையாது. பக்கத்து மேசையில் பிராட்டா தின்ன வந்தவன், கதை காதில் விழுந்து, நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மூணாவது வாரம் அவர்கள் மேசையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அப்போது பாடமாக இருந்தது, இருநூறு வருஷத்துக்கு முந்திய ஓர் இங்கிலீஷ் நாவல். பேரைச் சொல்லிப் பயமுறுத்த மாட்டேன். கதை இவ்வளவுதான். ஆற்றங்கரையில் ஒரு வீடு. அந்த வீட்டில் ஒரு பெண். அவளுக்குப் பிரியமானவன் கப்பலேறிப் போகிறான். போன இடத்திலிருந்து ஒரு கடிதம் வருகிறது. அவள் அதை ஏழு வருஷம் பிரிக்கவே இல்லை. மேசை டிராயரில் அப்படியே வைத்திருக்கிறாள். ஏன் பிரிக்கவில்லை? பரீட்சையில் வருஷா வருஷம் கேட்கிற கேள்வி அதுதான்.

புத்தகத்தைத் திறந்தால் சாருக்குத் தேக்கா மறைந்துவிடும். மேலே மின்விசிறி அனலை அள்ளி வீசிக்கொண்டிருக்க, இவர் தோளைக் குறுக்கிக்கொண்டு, "பனி விழ ஆரம்பிச்சிடுச்சு" என்பார். நாங்களும் சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொள்வோம். ஒரு நாள் ஜாலான் புசாரில் ஓர் இரும்புச் சாமான் கடையில் பித்தளைக் கதவுப் பிடி ஒன்றை முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். கடைக்காரச் சீனர், "அங்கிள், வாங்குறீங்களா இல்லையா?" என்று கேட்டதற்கு, "வாங்கல. அந்த வீட்டுக் கதவுல இப்படி ஒண்ணுதான் இருந்திருக்கும். அவ கைக்கு அது சில்லுனு இருந்திருக்குமான்னு பார்க்கிறேன்" என்றாராம். கடைக்காரர் திட்டவில்லை. ஸ்டூல் எடுத்துப் போட்டு, "எந்தப் பொண்ணு?" என்று கேட்டிருக்கிறார்.

சரி, அவருடைய கற்பித்தல் முறைக்கு வருகிறேன். யாராவது, "சார், அவ ஏன் லெட்டரைப் பிரிக்கல?" என்று கேட்டால், மேசை முனையைப் பார்த்துக்கொண்டு, கனவிலிருந்து பேசுகிறவர் மாதிரி, "கேட்டுட்டு வா" என்பார். யாரை? சந்தையில் இருக்கிறவர்களை. நாலு மாணவர்களும் நோட்டுப் புத்தகத்தோடு ஈரத்தரையில் வழுக்கி வழுக்கிக் கடை கடையாகப் போவார்கள்.

கறிக்கடை காதர் பாய் ஆட்டுத் தொடையை வெட்டிக்கொண்டே சொன்னார்: "பிரிச்சா பதில் போடணும்ல? சோம்பேறி. என் மச்சான் வரி ஆபீஸ் கடுதாசியை இப்படித்தான் வச்சிருக்கான்."

பூக்கடை ராணி அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "யாரைப் பார்த்து சோம்பேறிங்கறீங்க பாய்? அது வைராக்கியம். போனவன் நேர்ல வந்து சொல்லட்டும், பேப்பர்ல என்ன பேச்சு?"

காய்கறிக் கடைச் சீன ஆன்ட்டி நாற்பது வருஷமாகத் தமிழில், 'லா' என்ற சிங்கப்பூர் வாலோடு, பேரம் பேசுகிறவர். வெண்டைக்காயை நிறுத்துக்கொண்டே, "லெட்டர் வந்துச்சு, பார்க்கல. ரெண்டு பேரும் சண்டை லா. என் புருஷன் அப்படித்தான்" என்றார்.

இத்தனையும் நோட்டில் ஏறும். சார் ஒவ்வொன்றையும் கேட்டு, கண்ணை மூடி, ஏதோ நல்ல பாட்டைக் கேட்கிற மாதிரி தலையாட்டுவார். எது சரி என்று மட்டும் சொல்ல மாட்டார்.

ரெண்டே மாதத்தில் தேக்கா இரண்டு கட்சியாகப் பிரிந்தது. சோம்பேறிக் கட்சி, வைராக்கியக் கட்சி. காதர் பாயிடம் எலும்போடு வேண்டும் என்று கேட்டால், "முதல்ல நீங்க எந்தப் பக்கம்?" என்பார். எதிர்க் கட்சியைச் சொன்னவர்களுக்குக் கொழுப்புதான் அதிகம் விழுந்தது. ராணி அக்கா ஒரு படி மேலே போனார். ஒரு புதன்கிழமை எங்கள் மேசைக்கு வந்து, "சார், அந்த லெட்டர் பொண்ணுக்கு என்ன நட்சத்திரம்?" என்று கேட்டார்.

"அது கதை அக்கா" என்று நான் சொல்வதற்குள் சார் எங்கோ தூரத்தில், கூரை இரும்புக்கும் அப்பால் பார்த்தபடி, "குளிர்காலத்துல பிறந்தவ... பூசமா இருக்கும்" என்று சொல்லிவிட்டார்.

பக்கத்துக் கோயிலில் பூச நட்சத்திரத்துக்கு அர்ச்சனை நடந்தது. எனக்கும் பிரசாதம் வந்தது. இருநூறு வருஷத்துக்கு முந்தி, அதுவும் புத்தகத்துக்குள்ளே பிறந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்காக நானும் திருநீறு பூசிக்கொண்டேன்.

இந்தக் கூத்தில் சிரிக்காமல் இருந்த ஒரே ஆள் நூர்ஜஹான். முப்பத்தெட்டு வயது. புக்கிட் பாத்தோக்கில் ஒரு காண்டோ அடுக்குமாடி வாசலில் பன்னிரண்டு வருஷமாக இரவுக் காவல். வேலை முடிந்ததும் சீருடைக்கு மேல் ஒரு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நேராக வகுப்புக்கு வந்துவிடுவார். பாலர் பள்ளி ஆசிரியை ஆக வேண்டும் என்று ஆசை. அந்தப் பயிற்சியில் சேர எல்லாப் பாடமும் தேறிவிட்டார், இந்த ஒன்றைத் தவிர. இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் போய்விட்டது. பயிற்சி நிலையத்தில் இந்த வருஷம் வரைக்கும்தான் இடம் வைத்திருப்போம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஏன் போனது என்று எல்லாருக்கும் தெரியும். நூர்ஜஹான் தாளில் நூர்ஜஹான் இருக்க மாட்டார். மாதிரி விடைப் புத்தகம் சொன்னது இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்தவர் சொன்னது இருக்கும், இந்தத் தடவை காதர் பாயும் ராணி அக்காவும் இருப்பார்கள். "நீங்க என்ன நினைக்கிறீங்க நூர்?" என்று நான் ஒரு தடவை கேட்டேன். "காவல் ரூம்ல நினைப்பு வச்சிருந்தா வேலை போயிடும்ணே. அங்க 'யெஸ் சார், ஓகே மேடம்' மட்டும்தான்" என்றார்.

சார் இதையெல்லாம் கவனித்தாரா என்று யாருக்கும் தெரியாது. அவர் கவனிக்கிற மாதிரியே இருக்க மாட்டார். ஒரு நாள் நூலகத்துக்குப் போவதற்காக ரயில் ஏறியவர் ஒன்பதாம் அத்தியாயத்தில் விழுந்துவிட்டார். தலையைத் தூக்கினால் புக்கிட் பாத்தோக். இறங்கி, தூறலில், கையில் மடக்கின குடையோடு மேட்டில் ஏறி நடந்திருக்கிறார். சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு காண்டோ வாசலில் போய் நின்று காவல் அறை ஜன்னலைத் தட்டி, "ஆறு எந்தப் பக்கம்?" என்று கேட்டிருக்கிறார்.

"சார்! நீங்களா?" ஜன்னலுக்கு உள்ளே நூர்ஜஹான்.

உள்ளே உட்கார வைத்து, துண்டு கொடுத்து, மைலோ கலக்கிக் கொடுத்தாராம். வருகையாளர் பதிவேட்டில் 'வந்த காரணம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் நூர்ஜஹான் 'ஆறு தேடி' என்று எழுதினாராம். மறுநாள் மேலாளர் கூப்பிட்டு விசாரித்தது தனிக் கதை. சார் அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அலமாரியில் அடுக்கியிருந்த பார்சல்களையும், போகிற வருகிறவர்களையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நல்ல இடம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பரீட்சை வாரம் வந்தது. வெள்ளிக்கிழமை பரீட்சை. புதன்கிழமை வகுப்பில் நூர்ஜஹான் நோட்டை மூடி வைத்துவிட்டார். "சார், இன்னைக்கு ஒரே ஒரு விடை. நீங்க சொல்லணும். அவ ஏன் பிரிக்கல?"

"கேட்டுட்டு வாங்க."

நூர்ஜஹானுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு வந்தது. "யாரை சார் கேக்கணும்? கறிக்கடைல கேட்டாச்சு. பூக்கடைல கேட்டாச்சு. காய்கறிக் கடை, தேங்காய்க் கடை, மீன் கழுவுற பங்களாதேஷ் தம்பி வரைக்கும் கேட்டாச்சு. நாளை மறுநாள் பரீட்சை. உங்களுக்குக் கதை. எனக்கு இது வாழ்க்கை சார்!"

சார் வழக்கம் போலக் கூரையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "ஒருத்தர் பாக்கி" என்றார்.

"யாரு?"

"புக்கிட் பாத்தோக்ல ஒரு மேடு. மேட்டுல ஒரு காண்டோ. வாசல்ல சின்னதா ஒரு காவல் அறை. ராத்திரி அங்க ஓர் அம்மா இருப்பாங்க. எத்தனையோ கடிதம் அவங்க கை வழியாப் போயிருக்கு. அவங்களை இன்னும் யாரும் கேக்கல. கேட்டுட்டு வாங்க."

நூர்ஜஹான் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். "என்ன சார், இப்படிப் பண்ணிட்டீங்க?" என்று நான் கேட்டேன். சார் ஆறிப்போன தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை வகுப்பு கிடையாது. ஆனாலும் ஒன்பதரைக்கு சார் மேசையில் இருந்தார். நான் இருந்தேன். காதர் பாய் கத்தியோடு வந்து நின்றார். ராணி அக்கா பாதி கட்டின மாலையோடு வந்தார். யாரும் யாரிடமும் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை.

பத்து மணிக்கு நூர்ஜஹான் வந்தார். உட்காரவில்லை. "அந்தம்மாவைக் கேட்டேன் சார்" என்றார்.

"என்ன சொன்னாங்க?"

"அவங்க காண்டோல ஒன்பதாவது மாடில ஒரு வயசான மேடம் இருக்காங்களாம். மகன் வெளிநாட்டுல. அவன் எப்பவாவது பார்சல் அனுப்புவானாம். மேடம் அதை வாங்கிட்டுப் போக மாட்டாங்க. 'உன் ரூம்லயே இருக்கட்டும்'னு சொல்லிடுவாங்க. ஆனா தினமும் காலைல நடக்கப் போறப்ப ஜன்னல்ல எட்டிப் பார்ப்பாங்களாம், இருக்கான்னு. காவல் அம்மா முதல்ல மேடத்தைக் கிறுக்குன்னு நினைச்சாங்க. அப்புறம் புரிஞ்சுதாம்." நூர்ஜஹான் ஸ்வெட்டர் கையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டார். "எடுத்துட்டுப் போய்ப் பிரிச்சா, அது வந்து முடிஞ்சுடுது சார். பிரிக்காம இருக்கிற வரைக்கும் அவன்கிட்டயிருந்து இன்னும் வந்துக்கிட்டே இருக்கு."

காதர் பாய் கத்தியை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே இருந்தார். ராணி அக்கா மாலை நாரைப் பல்லில் கடித்தபடி அப்படியே நின்றார். கடைசியில், எங்கள் பின்னால் வந்து நின்றிருந்த சீன ஆன்ட்டிதான், "கரெக்ட்டு லா" என்றார்.

சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார். "நாளைக்கு இதை அந்தம்மா எழுதுவாங்களா?"

"எழுதுவாங்க சார்" என்றார் நூர்ஜஹான்.

எழுதினார். தேறினார். காதர் பாய் அன்றைக்குக் கட்சி பார்க்காமல் எல்லாருக்கும் எலும்போடு போட்டார்.

போன மாதம் நூர்ஜஹான் வேலை பார்க்கிற பாலர் பள்ளியில் குடும்பத்தார் வந்து பார்க்கிற நாள். சாரை என் டாக்ஸியில்தான் அழைத்துப் போனேன். எங்கே வண்டியை நிறுத்துவது என்று சுற்றிவிட்டு நான் வருவதற்குள் வகுப்பு தொடங்கிவிட்டது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். நாலு வயதுப் பிள்ளைகள் அரை வட்டமாக உட்கார்ந்திருக்க, நடுவில் ஒரு சின்ன மஞ்சள் நாற்காலியில், முழங்கால் காதுக்குப் பக்கத்தில் வர, எங்கள் ஆறடி சார். நூர்ஜஹான் கையில் படப் புத்தகம். ஆமை ஒன்று மழையில் தனியாக நிற்கிற படம். ஏதோ கேட்டார். பிள்ளைகள் கை தூக்கினார்கள். சாரும் தூக்கினார்.

நூர்ஜஹான் ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டு முடித்தார். சார் கையை இறக்கவில்லை. கடைசியில் அவரைக் காட்டினார். சார் எழுந்தார், நாற்காலியும் அவரோடு சேர்ந்து எழுந்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்படியே, இடுப்பில் மஞ்சள் நாற்காலியோடு நின்று, அவர் முதல் தடவையாகத் தன் விடையைச் சொன்னார்.

கண்ணாடி வழியாக எனக்கு அது கேட்கவில்லை. நூர்ஜஹான் மட்டும் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது தெரிந்தது.

திரும்பி வரும்போது சார் பின் சீட்டில் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். வானம் வெறிச்சென்று இருந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் எங்கேயோ பனி விழுந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தது. ஜாலான் புசார் வரைக்கும், பச்சை விளக்கில்கூட, மெதுவாகத்தான் ஓட்டினேன்.