பன்னிரண்டு கார்களுக்கு ஒரு வரைபடம்

இச்சம்பவம் நிகழ்வதற்கு முன்னர் கொழும்பு வெள்ளவத்தையில் என் நிலை என்னவாக இருந்தது என்பதை முதலில் கூறிவிடுவது முறையாகும். அரச திணைக்களம் ஒன்றில் தலைமைப் படவரைஞராகக் கடமையாற்றி ஓய்வு பெற்றவன் நான். என் கையால் வரைந்த பாலங்களும் மதகுகளும் இன்றும் விழாமல் நிற்கின்றன. கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அமைந்த எங்கள் தொடர்மாடியின் நிர்வாகக் குழுவுக்கு நானே தலைவர். ஏகமனதாகத் தெரிவு செய்யப்பட்டவன். (வேறு ஒருத்தரும் அந்த வேலைக்கு வரேல்லை என்பார் என் மனைவி. ஏகமனதுக்கு அதுவும் ஒரு வழிதான்.)

தொடர்மாடியில் பன்னிரண்டு குடும்பங்கள், பன்னிரண்டு கார்கள். கீழ்த்தளத்துத் தரிப்பிடத்தில் கோடுகள் கிடையா. முந்தி வந்தவர் விரும்பிய கோணத்தில் நிறுத்துவார். பிந்தி வந்தவர் அவரை மறித்து நிறுத்துவார். காலையில் ஒருவரை ஒருவர் தொலைபேசியில் எழுப்புவர். மூன்றாம் மாடித் தவமணி ரீச்சருக்கு மட்டும் உள்ளே ஒருபோதும் இடம் கிடைத்ததில்லை. அவருடைய சின்னக் கார் ஒழுங்கையிலேயே நின்றது. அதன் பக்கக் கண்ணாடியை யாரோ இரண்டாம் முறையும் உடைத்துப் போன அன்று, மாடிப்படியில் வைத்து அவருக்கு நான் வாக்குக் கொடுத்தேன்.

"ரீச்சர், இந்த மாதத்துக்குள்ள உங்கட கார் உள்ளுக்க நிக்கும். இது என்ர பொறுப்பு."

மேலேயிருந்து இறங்கி வந்துகொண்டிருந்த சிவபாலன் இதைக் கேட்டுவிட்டார். ஓய்வு பெற்ற வங்கி முகாமையாளர். அவரிடம் ஒரு ஜீப்பும், என் பதவியின் மேல் ஓர் ஆசையும் இருந்தன. இரண்டும் பெரியவை.

"தலைவர் வாக்குக் குடுத்தா நிலம் நீளுமோ?" என்றார்.

நிலம் நீளாது, ஆனால் வரைபடம் நீளும் என்பதை நான் அப்போது அறிந்திருந்தேன். ரொறன்ரோவிலிருக்கும் மகள் எனக்கொரு மடிக்கணினி அனுப்பியிருந்தாள். அதில் படவரைவு மென்பொருளை எவருடைய துணையுமின்றி நானே கற்றேன். (வீடியோக்கள் பார்த்தேன். வீடியோ பார்ப்பது துணை ஆகாது.) அம்மென்பொருளில் என்னைப் பெரிதும் கவர்ந்தது டைனமிக் புளொக். கோடுகள் பலவற்றைச் சேர்த்து ஒரே பொருளாகக் கட்டினால் அது புளொக். அதன் ஓரத்தில் ஒரு சிறு அம்புக்குறியைப் பொருத்தி, இழுத்தால் என்ன நடக்க வேண்டும் என்று கற்பித்துவிட்டால் அது டைனமிக் புளொக். பிறகு மீண்டும் வரைய வேண்டியதில்லை, இழுத்தால் போதும். வாழ்நாளெல்லாம் பிளேடினால் இந்திய மையைச் சுரண்டி அழித்தவனுக்கு இது என்ன பேறு என்பது மற்றவர்க்கு விளங்காது.

அம்புக்குறிக்கு இரண்டு விதமாகக் கற்பிக்கலாம். ஸ்ட்ரெட்ச் என்றால் நாம் சட்டமிட்டுக் காட்டிய பகுதி மட்டுமே நீளும்; ஏனையவை தம் அளவில் நிற்கும். ஸ்கேல் என்றால் சட்டமிடும் தொல்லை இல்லை. உள்ளே உள்ள யாவும் ஒரே விகிதத்தில் பெருக்கும் அல்லது சிறுக்கும். தொல்லையற்றதையே நான் தெரிந்தெடுத்தேன்.

எட்டடி அகலத்தில் ஒரு கட்டம் வரைந்தேன். அதற்குள் கதவுகள் திறந்த நிலையில் அழகாக ஒரு கார். பன்னிரண்டை அருகருகே அடுக்கிப் புளொக்காகக் கட்டினேன். வரிசை சுவரைத் துளைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் குளியலறை வரை போயிற்று. அம்புக்குறியைப் பிடித்துச் சுவர்வரை இழுத்தேன். பன்னிரண்டு கட்டங்களும் பணிவோடு உள்ளே வந்தன. அவற்றுக்குள் இருந்த கார்களும் அதே விகிதத்தில் சிறுத்துவிட்டன என்பது என் கண்ணில் படவில்லை. படவும் வழியில்லை. கட்டம் ஆறடியாகியிருந்தது, காரோ எங்கும் விற்கப்படாத ஒரு காராகியிருந்தது, ஆயினும் ஒன்றுக்குள் ஒன்று முன்போலவே பொருந்தி, கதவுகள் எல்லாம் தாராளமாகத் திறந்து நின்றன. சுவரின் நீளத்தைப் பன்னிரண்டால் வகுத்துப் பார்த்திருக்கலாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அதைச் செய்திருக்கும். நான் ஐந்தாம் வகுப்பைக் கடந்து நெடுங்காலம்.

பெரிய தாளில் வண்ணத்தில் அச்சிட்டுக் கூட்டத்தில் தொங்கவிட்டேன். தவமணி ரீச்சர் எழுந்து வந்து கடைசிக் கட்டத்தை விரலால் தொட்டார்.

"ஐயா, இதுவோ என்ர இடம்?"

"ஓம் ரீச்சர்."

"அப்ப இனி ரியூஷனுக்கு நடுவில ஓடிப்போய் யன்னலால எட்டிப் பாக்கத் தேவையில்லை."

சபை கைதட்டியது. சிவபாலன் மட்டும் மூக்குக்கண்ணாடியை உயர்த்தித் தாளை முகர்வதுபோல் பார்த்தார்.

"எதுக்கும் ஒருக்கா டேப் பிடிச்சுப் பாப்பமே?"

"மிஸ்டர் சிவபாலன், இது கணினி. காருகள் உள்ளுக்க நிக்கிறது உங்களுக்குத் தெரியேல்லையோ?"

"தெரியுது. வடிவாத்தான் நிக்குது."

அளவுநாடா என்ற பேச்சை அத்துடன் முடித்து வைத்தேன். வர்ணம் பூச வந்தவரிடம் சுவரைப் பன்னிரண்டு சம பாகமாக்கும்படி கூறினேன். கோடுகள் காய்ந்ததும் மனைவி படியில் நின்று பார்த்தார்.

"இஞ்சருங்கோ, உது கொஞ்சம் ஒடுக்கமாக் கிடக்கெல்லே?"

"வெறும் நிலத்தில எல்லாம் ஒடுக்கமாத்தான் தெரியும்."

திறப்பு விழா ஒரு ஞாயிறு காலை. ஒழுங்கு முறையை நானே வகுத்தேன். கார்கள் இலக்கப்படி ஒவ்வொன்றாக உள்ளே வர வேண்டும், எவரும் இறங்கக்கூடாது, பன்னிரண்டாவதும் வந்து நின்றபின் நான் ஹோர்ன் அடிப்பேன், அனைவரும் ஒரே நேரத்தில் கதவைத் திறந்து இறங்குவர். ஒரு படைப்பிரிவு போல் இருக்கும் என்று எண்ணினேன்.

முதலாம் இடம் தலைவருக்கு. சக்கரங்களின் கீழ் வைத்த எலுமிச்சங்காய்களை நசித்தபடி சுவரோரமாகச் சென்று நிறுத்தினேன். இரண்டாவது சிவபாலனின் ஜீப். அது தன் கட்டத்தை நிரப்பியதோடு மூன்றாவதிலும் ஒரு சக்கரத்தை வைத்தது. அடுத்தவர்கள் பக்கக் கண்ணாடிகளை மடித்துக்கொண்டு, என் கட்டளைக்குப் பணிந்து, தள்ளித் தள்ளி நுழைந்தனர். பதினோராவது காரோடு மறுபக்கச் சுவர் வந்துவிட்டது. பன்னிரண்டாவதாக வந்த தவமணி ரீச்சர் எங்கள் பின்னால், நடைபாதைக்கு நடுவில், போக இடமின்றி நின்றார். அவருக்குப் பின்னால் வாசலை அடைத்தபடி ஒரு காஸ் லொறி வந்து நின்றது.

நான் ஹோர்ன் அடித்தேன். பதினொரு கார்களிலும் கதவுகள் திறந்தன. நாலு விரல் அகலத்துக்கு.

கைத்தொலைபேசி ஒலித்தது. பக்கத்துக் கண்ணாடிக்குள்ளிருந்து சிவபாலன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பேசினார்.

"தலைவர், இறங்கிறது எப்பிடி?"

"கொஞ்சம் பொறுங்கோ. வரைபடத்தைப் பாத்துச் சொல்லுறன்."

உண்மையிலேயே பார்த்தேன். வரைபடத்தில் எல்லோரும் இறங்கிவிட்டிருந்தார்கள்.

காவலாளி சுனில் பின்னாலிருந்து சிங்களத்தில் குரல் கொடுத்தார். "சேர், லொறி ட்ரைவர் உடட்ட கிஹின்." சாரதி காஸ் சிலிண்டரோடு எதிர்க் கட்டடத்தின் மாடிக்குப் போய்விட்டார் என்பது அதன் பொருள். லொறி நகராமல் ரீச்சர் நகர முடியாது. ரீச்சர் நகராமல் நாங்கள் பின்னெடுக்க முடியாது. மாடியிலிருந்து இறங்கி வந்த என் மனைவி எங்கள் காரின் டிக்கியைத் திறந்து, ஆசனங்களுக்கு மேலால் ஒரு கோப்பை தேநீரை நீட்டினார். ஒரு கேள்வி மட்டும் கேட்டார். "சீனி காணுமோ?"

திறந்த டிக்கி வழியாகத் தவமணி ரீச்சரின் குரல் வந்தது.

"ஐயா, அப்ப என்ர இடம்?"

குரலில் கோபம் இருந்திருந்தால் பதில் சொல்வது எளிதாக இருந்திருக்கும். மடியில் தேநீரை வைத்துக்கொண்டு, கையிலிருந்த வரைபடத்தை மடித்தேன்.

"ரீச்சர், என்ர இடத்தை எடுங்கோ."

"நீங்கள் அதுக்குள்ள எல்லோ நிக்கிறியள்."

"வெளியில வந்த உடன எடுங்கோ."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிவபாலன் முதன்முறையாகச் சிரிப்பதை நிறுத்தினார். சாரதி இறங்கி வந்து, லொறி போய், கார்கள் ஒவ்வொன்றாகப் பின்னோக்கி வெளியேறின. நான் கடைசியாக வந்தேன். அது பதவிக்குரிய மரியாதை.

கோடுகள் இப்போது அழிக்கப்பட்டு, அளவுநாடாவால் அளந்து, ஒன்பது கட்டங்களாக மாற்றப்பட்டுள்ளன. மூவர் வெளியே வாடகைக்கு இடம் பிடித்திருக்கிறோம். சிவபாலன் தலைவராக இருக்கிறார், ஏகமனதாகத்தான். சுவரோரத்து முதலாம் கட்டத்தில் தவமணி ரீச்சரின் சின்னக் கார் இருபுறமும் கதவு திறக்க இடத்தோடு நிற்கிறது. மகள் ரொறன்ரோவிலிருந்து அழைக்கும்போதெல்லாம், "அப்பா, உள்ளுக்கையோ வெளியிலயோ நிக்கிறியள்?" என்றுதான் தொடங்குகிறாள். டைனமிக் புளொக்குகளை நான் இன்றும் செய்கிறேன், ஸ்ட்ரெட்ச் மட்டும்.

நிர்வாகக் குழு கூடி, எனக்குத் தண்டனையாக அந்த இடத்தைப் பறித்து ரீச்சருக்கு வழங்கியதாகச் சிவபாலன் புதிதாகக் குடிவருவோரிடம் கூறிவருகிறார். அது தவறு. இடத்தை நானாகவே கொடுத்தேன். கொடுத்தபோது அதிலிருந்து என்னால் வெளியே வர முடியாத நிலையிலேயே இருந்தேன்.