பட்டன் அண்ணனின் நாலு மணி

கம்ப்யூட்டர் திரையில் தெரியும் ஒரு பட்டனுக்காகக் காய்ச்சல் கண்டு படுத்தவர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருப்பார். மிகைப்படுத்துகிறேனோ என்று எழுதும்போதே சந்தேகமாக இருக்கிறது. ஆனால் கஷாயம் வைத்து எடுத்துப் போனவள் நான். காய்ச்சல் உண்மை.

நாகல் நகரில் ஒரு மருந்துக்கடை மாடியில் எங்கள் ஆபீஸ். உள்ளூர்க் கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்போம். அதில் 'ஆர்டர் செய்க', 'தொடர்பு கொள்க' என்று அழுத்தும் பட்டன்களை ஒவ்வொரு பக்கத்துக்கும் புதிதாகச் செய்வோம். நிறத்தை மாற்றச் சொன்னால் பக்கம் பக்கமாகத் தேடி அலைவோம். காய்ச்சலில் படுத்த அந்த மனிதர் வேலைக்கு வந்ததும் ஒரே ஒரு பட்டனை ஓரிடத்தில் எழுதி வைத்தார். எல்லா வெப்சைட்டும் அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் சில வகைகள் உண்டு: முக்கியம், சாதாரணம், எச்சரிக்கை. அதற்கு மேல் ஒன்று கேட்டால், பெண் கேட்டு வந்தவரைப் பார்ப்பதுபோல் ஏற இறங்கப் பார்ப்பார். அவருடைய சொந்தப் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எங்களுக்குப் பட்டன் அண்ணன்.

ஒருமுறை நான் ஒரு வகைக்கு 'சிவப்பு' என்று பெயர் வைத்துவிட்டேன்.

"நாளைக்குக் கடைக்காரர் பச்சை கேட்டா, சிவப்புன்னு கூப்பிட்டுப் பச்சையக் காட்டுவியாம்மா? கலர வச்சுப் பேர் வைக்காத. என்ன வேலை செய்யுதோ அத வச்சு வை."

அப்போது நான் மாசமாக இருந்தேன். குழந்தைக்கு யோசித்து வைத்திருந்த பெயர்களையெல்லாம் அன்று இரவு மறுபடி பரிசீலித்தேன்.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். ஓரிடத்துக்கு மட்டும் என்று ஒரு வகை கிடையாது. இரண்டு பேருக்காவது தேவைப்பட்டால்தான் அது வகை. பிரியாணிக்கடைக்காரர் இது தெரியாமல் வந்து மாட்டினார்.

"தம்பி, நம்ம பட்டன் மட்டும் பிரியாணி கலர்ல இருக்கட்டும்."

"வேற யாருக்கு வேணும்?"

"எனக்குத்தாம்ப்பா வேணும்!"

"உங்க ஒருத்தருக்குன்னா ஆகாதுண்ணே. இன்னொரு ஆளக் கூட்டிட்டு வாங்க."

மறுநாள் அவர் தன் மச்சானான பூட்டுக்கடைக்காரரைக் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்து வந்தார். "சொல்லுடா, ஒனக்கும் அதே கலர்தான வேணும்?" பூட்டுக்கடைக்காரர் பலியாடுபோல் தலையாட்டினார். பட்டன் அண்ணன் எழுந்து நின்று இருவருக்கும் கைகொடுத்தார்.

காய்ச்சல் வந்தது முதலாளியால். கல்யாண மண்டபத்துக்காரர் பட்டனில் பூமாலை கேட்க, முதலாளி புது வகை சேர்க்காமல் மூலப் பட்டனிலேயே மாலையைப் போட்டுவிட்டார். எல்லா வெப்சைட்டிலும் மாலை ஏறியது. கண் டாக்டரைப் பார்க்க நேரம் கேட்கும் பட்டனில்கூட. பட்டன் அண்ணன் அதைப் பார்த்தார். ரூமுக்குப் போய்ப் படுத்துவிட்டார்.

பிரசவம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பியபோது மகளுக்கு ஏழு மாதம். சாணார்பட்டியில் மாமியாரிடம் விட்டுவிட்டு வருவேன். புட்டிப்பாலைத் தொடவே மாட்டாள். ஆறரைக்கு ஆபீஸ் விட்டு, பஸ் பிடித்து நான் போய்ச் சேர்வதற்குள் அழுது ஓய்ந்து தூங்கியிருப்பாள். நாலு மணிக்குப் போக அனுமதி கேட்டேன். கேட்கலாமா கூடாதா என்று பல நாள் யோசித்துவிட்டுத்தான்.

"ஒருத்தருக்குன்னு தனி டைம் போட்டா ஆபீஸ் நடக்காதும்மா," என்றார் முதலாளி. "முடியலைன்னா நின்னுக்க. தப்பா நெனைக்க மாட்டேன்."

வேலையை விடுவதென்று தலையாட்டவும் தொடங்கிவிட்டேன். பட்டன் அண்ணன் நாற்காலியைத் திருப்பினார்.

"புது வகை ஒண்ணு சேத்துரலாம் சார். காலைல ஏழு, சாயங்காலம் நாலு."

"யோவ், இது என்ன ஒன் பட்டனா? சரி, பேரு என்ன? 'அம்மா டைம்'னு வச்சுருவமா?"

"ஆளச் சொல்லிப் பேர் வைக்கக் கூடாது சார். 'முன்னேரம்'னு வைங்க. யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்."

முதலாளி சிரித்தார். "ஒன் சட்டப்படியே வாரேன். ரெண்டாவது ஆளு யாரு?"

ஆபீசில் யாரும் நிமிரவில்லை.

"நான்தான்," என்றார் பட்டன் அண்ணன். பத்தரைக்கு முன் கண் விழித்தே அறியாத மனிதர்.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சட்டையைத் தப்பாகப் பொத்தானிட்டுக்கொண்டு வந்து நின்றார். நாலு மணிக்கு என்னோடு இறங்கி பஸ் ஸ்டாண்டுவரை நடந்தார். அவருக்கு எங்கும் போக வேண்டியதில்லை. எனக்குக் குற்ற உணர்ச்சியாக இருந்தது.

"அண்ணே, நாளையிலேருந்து நீங்க பழைய டைமுக்கே வாங்கண்ணே. யாரும் கேக்க மாட்டாங்க."

"நான் விட்டா அது ஒனக்கு மட்டும்னு ஆயிரும்மா. அப்பறம் எடுத்துருவாங்க. நீ ஏறு, பஸ் கெளம்புது."

வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போய் மகளைத் தூக்கிய சாயங்காலங்களை நினைக்கும்போதெல்லாம், போக வேண்டிய இடம் எதுவும் இல்லாமல் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த அந்த மனிதரும் கூடவே வந்துவிடுகிறார்.